ஸ்குரூ இல்லாத சாமான்கள்

(உலகச் சிக்கன நாளன்று கடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அக்டோபர் 30. உலகச் சிக்கன நாள். இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு மனப்பாடம். ஒரு குறள். ஓர் எறும்பு. ஓர் உண்டியல். சிறுதுளி பெருவெள்ளம். அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமை தெரியவில்லை" என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் பொன்னாடை, டீ, பிஸ்கட். நான் அந்தப் பாதையில் போகப்போவதில்லை. எறும்பை இன்றைக்கு விட்டுவிடுவோம், பாவம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'நுகர்வும் சிக்கனமும்'. அதை நான் ஒரே கேள்வியாக மாற்றிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறீர்கள். தூக்கிப் போடுவது என்று முடிவு செய்தது யார்? நீங்களா? இல்லை, அதைச் செய்து விற்றவர் எப்போதோ எடுத்து வைத்துவிட்ட முடிவை நீங்கள் நிறைவேற்றுகிறீர்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் 1924ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், இத்தாலியில் மிலான் நகரத்தில், பல நாட்டுச் சேமிப்பு வங்கிக்காரர்கள் கூடினார்கள். முதல் உலகப் போர் முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. போரில் பலருடைய சேமிப்பு காற்றில் போயிருந்தது. வங்கி என்றாலே மக்கள் பயந்தார்கள். அந்த நம்பிக்கையை மறுபடியும் கட்டியெழுப்ப வேண்டும் என்று பேசினார்கள். மாநாட்டின் கடைசி நாளான அக்டோபர் 31ஐச் சிக்கனத்துக்கான நாள் என்று அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள். இந்தியாவில் அதை ஒரு நாள் முன்னதாகக் கடைப்பிடிக்கிறோம். நாம் இன்று இங்கே கூடியிருப்பதற்குக் காரணம் அந்தக் கூட்டம்தான்.

அதே 1924. டிசம்பர் 23. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில், ஜெனீவா நகரத்தில், இன்னொரு கூட்டம் நடந்தது. இதற்கு யாரும் நாள் கொண்டாடுவதில்லை. வந்திருந்தவர்கள் உலகத்துக்கே பல்பு செய்து விற்றுக்கொண்டிருந்த பெரிய கம்பெனிக்காரர்கள். ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்ஸ் கம்பெனி ஒன்று, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்குக்காக அதன் வெளிநாட்டுக் கூட்டாளிகள். தங்கள் கூட்டணிக்கு ஃபீபஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயர். உலகத்தின் சூரியனையே பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த நாட்டில் விற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? அப்போது ஒரு பல்பு 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது. இனி 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவு கட்டினார்கள்.

கம்பெனிகள் தங்கள் பல்புகளைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே எரியவிட்டுப் பார்ப்பார்கள். குறித்த நேரத்தைவிட அதிகமாக எரிந்தால் அபராதம்! நன்றாக வேலை செய்ததற்கு அபராதம் கட்டிய இஞ்சினியர்களை நினைத்துப் பாருங்கள். பாடுபட்டு நீண்ட ஆயுளுள்ள பல்பைக் கண்டுபிடித்தவர்கள், அதே பாடுபட்டு அதன் ஆயுளைக் குறைக்கும் வழியைத் தேடினார்கள்.

ஒரு நியாயத்தையும் நான் சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் எரியும் குண்டு பல்பு மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்கு அதிகக் கரண்ட் தின்னும். கலிஃபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901ஆம் ஆண்டு முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. உலகமே அதைப் பார்த்து வியக்கிறது. ஆனால் அதன் வெளிச்சத்தில் நீங்கள் தினத்தந்தி படிக்க முடியாது. ஆகவே 1,000 மணி நேரம் என்பதில் கொஞ்சம் பொறியியல் நியாயமும் உண்டு. ஆனால் பொறியியல் நியாயத்துக்கு அபராதச் சீட்டு எதற்கு? வாங்குகிறவரிடம் இரண்டு வகையையும் வைத்து, எது வேண்டும் என்று கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

சிக்கனமாக இரு என்றது மிலான். சிக்கனமாக இருக்க விடாதே என்றது ஜெனீவா. ஒரே வருஷம், ஒரே கண்டம், இரண்டு அறைகள். எந்த அறை ஜெயித்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அதற்குப் பிறகு அந்த அறையின் புத்தி ஊரெல்லாம் பரவியது. 1932இல், பெருமந்தத்தில் அமெரிக்கா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, பெர்னார்டு லண்டன் என்ற நியூயார்க் ரியல் எஸ்டேட்காரர் ஒரு சிறு நூல் எழுதினார். செருப்பு, வீடு, இயந்திரம், எதுவாக இருந்தாலும் அரசாங்கமே அதற்கு ஆயுள் குறித்துவிட வேண்டும். ஆயுள் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அரசாங்கம் அதை அழித்துவிடும். அதற்கு மேலும் வைத்துக்கொண்டு உபயோகிக்கிறவன் வரி கட்ட வேண்டும் என்றார். பழைய சட்டை போட்டால் வரி! அந்தச் சட்டம் வரவில்லை. தேவைப்படவில்லை. சட்டம் இல்லாமலேயே அது நடந்துவிட்டது. 1955இல் லைஃப் பத்திரிகை ஒரு படம் போட்டது. அப்பா, அம்மா, குழந்தை. மூவரும் கையை விரித்துச் சிரிக்கிறார்கள். தலைக்கு மேலே காகிதத் தட்டு, கப்பு, மேசை விரிப்பு எல்லாம் பறக்கின்றன. இவற்றையெல்லாம் கழுவி வைத்தால் 40 மணி நேரம் ஆகும், இனி அந்தக் கவலை இல்லை என்று கட்டுரை சொன்னது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவி வைப்பது யார் வேலையாக இருந்தது என்று இங்கிருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம். அடுப்படிக்கே வருவோம்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. சட்னிக்குத் தேங்காய் கொஞ்சம் அதிகம், தண்ணீர் கொஞ்சம் குறைவு. டக்கென்று நின்றுவிட்டது. மறுபடி போட்டாலும் ஓடவில்லை. என்ன செய்வோம்? "மிக்ஸி போச்சு" என்போம். மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்குவார். கவிழ்ப்பார். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை ஓர் அழுத்து அழுத்துவார். போடுவார். ஓடும்! பாரம் தாங்காமல் மோட்டார் எரிந்துவிடக்கூடாது என்பதற்காக, தானே விழுந்துகொள்ளும் பொத்தான் அது. "வச்சிக்குங்கக்கா, காசு வேணாம்" என்பார். அந்தப் பொத்தானைப் பற்றித் தெரியாமல் மிக்ஸியையே மாற்றிய வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ.

பொத்தானை அழுத்தியும் ஓடவில்லை என்றால் ஜாரைக் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் பல் வைத்த ரப்பர் வட்டம் இருக்கிறதே, கப்ளர், அது தேய்ந்திருக்கும். அம்மாக்கள் திட்டுவார்கள், "நாலு மாசத்துக்கு ஒருதரம் இது போயிடுது" என்று. அதைத் திட்டாதீர்கள். ஜார் இறுகிக்கொண்டால் முதலில் தேய்ந்து உடைய வேண்டியது அதுதான். விலை மலிவான ஒரு துண்டு ரப்பர், விலை உயர்ந்த மோட்டாருக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துவிடுகிறது. அதைப் போட்டுச் செய்தவர் நல்லவர். கெட்டுப்போகும், ஆனால் சின்ன இடத்தில் கெடட்டும், மாற்றட்டும், பெரியது பிழைக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அதன் பிறகு கார்பன் மாற்றுவார்கள், புஷ் மாற்றுவார்கள், கடைசியில் காயில் கட்டுவார்கள். கடலூரோ, காட்டுமன்னார்கோவிலோ, எந்த ஊராக இருந்தாலும் மிக்ஸிக்குக் காயில் கட்டும் கடை இருக்கும். ஏன் இருக்கிறது? நம் ஊர் மக்கள் சிக்கனக்காரர்கள் என்பதாலா? அதனால் மட்டும் இல்லை. அந்த மிக்ஸியை ஸ்குரூவைக் கழற்றித் திறக்க முடியும். கார்பன் தனியாகக் கிடைக்கும். கப்ளர் தனியாகக் கிடைக்கும். அதனால் அந்தக் கடை இருக்கிறது. கடை இருப்பதால் நாம் சிக்கனமாக இருக்கிறோம்.

இப்போது அதே வீட்டில் உள்ள செல்போனை எடுங்கள். பேட்டரி நிற்கவில்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தோம்? நகத்தால் மூடியை நெம்பி, பேட்டரியை எடுத்து, கடையில் கொடுத்துப் புதுசு போட்டுக்கொண்டோம். சின்னப் பிள்ளைகூடச் செய்யும். இன்று? "சார், இது ஒட்டி வச்சிருக்கான் சார். சூடு காட்டித்தான் பிரிக்கணும். டிஸ்ப்ளே உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது." கேட்டவுடனே நமக்குக் கை நடுங்குகிறது. போனை மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. அந்தத் தோன்றலை நம் தலைக்குள் வைத்தது யார்? அந்தப் பசை! மூடியைப் பசை போட்டு ஒட்டியவர் அன்றைக்கே நம் முடிவை எடுத்துவிட்டார். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி பழசாகிப்போன ஐபோன்களின் வேகத்தைத் தன் அப்டேட் மூலம் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் செய்தோம் என்றது. இருக்கலாம். ஆனால் சொல்லாமல் செய்தது. பேட்டரியை மாற்றினாலே சரியாகிவிடும் என்று தெரியாமல் எத்தனை பேர் போனையே மாற்றினார்களோ! பிரான்ஸ் அரசு 2020இல் அந்த நிறுவனத்துக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது.

எல்.இ.டி. பல்புக்கு வாருங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் உள்ளே பொட்டுப் பொட்டாக இருக்கும் சில்லுகளில் ஒன்று கருகினால் போதும், பல பல்புகளில் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும். இல்லையென்றால் சில்லெல்லாம் நன்றாக இருக்கும், கரண்ட்டைச் சீராக்கித் தரும் டிரைவர் போர்டு சூடு தாங்காமல் செத்திருக்கும். சீலிங் ஃபேனும் இந்தக் கதைதான். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சரை மாற்றினால் போதும். பழையது 75 வாட் இழுத்த இடத்தில் புது ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் கைவிரிக்கிறார். "போர்டு போச்சுண்ணே. போர்டு கம்பெனியிலதான் வரணும்." கம்பெனியில் அந்த மாடலே இல்லையாம்.

நீண்ட நாள் உழைக்கும் பல்பு செய்ய முடியாதா? முடியும். 2016இல் துபாய் அரசு கேட்டது, பிலிப்ஸ் செய்து கொடுத்தது. சில்லுகளைக் கூடுதலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் கரண்ட்டைக் குறைத்தார்கள். சூடு குறைந்தது, ஆயுள் கூடியது. கேட்ட ஊருக்குக் கொடுத்தார்கள். 1924இல் ஜெனீவா மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அதே பிலிப்ஸ்! நல்ல பல்பு செய்யும் அறிவு அவர்களிடம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கேட்கிறவர் யார், எவ்வளவு பலத்தோடு கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பல்பின் ஆயுள் மாறுகிறது.

இப்படிச் சேர்ந்த குப்பை எவ்வளவு? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுச் சாமான்கள் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

நண்பர்களே, இதுவரை விலை உயர்ந்த சாமான்களைப் பற்றிப் பேசினேன். இனி ஒரு ரூபாய்ச் சாமானைப் பற்றிப் பேச வேண்டும். கடலூர் மேடையில் நின்றுகொண்டு ஷாம்பு பாக்கெட்டைப் பற்றிப் பேசாமல் போனால் என்னை விடுவீர்களா?

உங்கள் ஊர்க்காரர் சின்னி கிருஷ்ணன். பணக்காரன் உபயோகிப்பதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் உபயோகிக்க வேண்டும், அதற்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்தால் போதும் என்று நினைத்தவர். அந்த எண்ணத்திலிருந்து ஷாம்பு பாக்கெட் பிறந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை நாடு முழுக்கக் கொண்டுபோனார். பின்னால் அது ஐம்பது காசுக்கே கிடைத்தது. பாட்டில் வாங்க முடியாதவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தலையில் நுரை கண்டார்கள். இதை நான் சமத்துவம் என்றே சொல்வேன். இதைக் கேலி செய்கிற சுற்றுச்சூழல் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் அந்தப் பாக்கெட்டின் உடம்பைப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக், அதன் மேல் அலுமினியம் போல மினுங்கும் ஒரு படலம், அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக். காற்று புகாமல், வாசனை போகாமல் காக்கும். ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததால் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள். எடுக்க மாட்டார்கள் என்பதால் குப்பை பொறுக்குகிறவரும் குனிய மாட்டார். சாக்கடைக்குப் போகும், கெடிலத்துக்குப் போகும், கடலுக்குப் போகும்.

அதே வீட்டில் இன்னொரு பிளாஸ்டிக்கும் தினம் வருகிறது. பால் பாக்கெட். அதை நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? நுனியில் வெட்டி, கழுவி, சுவரில் ஒட்டிக் காயவைத்து, அடுக்கி, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். ஏன்? அது ஒரே ஜாதிப் பிளாஸ்டிக். உருக்கலாம். விலை உண்டு. ஒரே பெண்மணி, ஒரே அடுப்படி. பால் கவரில் சிக்கனக்காரி, ஷாம்பு கவரில் ஊதாரியா? அவருடைய குணம் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் மாறிவிட்டதா?

இன்னொன்று. மளிகைக் கடையில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் எத்தனை மில்லி, பாட்டிலில் எத்தனை மில்லி, என்ன விலை. பல பிராண்டுகளில் மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் பாக்கெட்தான் மலிவு! மொத்தமாக வாங்கினால் குறையும் என்ற பழைய பாடம் இங்கே தலைகீழ். அதனால் வசதி உள்ளவர்களும் சரம் சரமாக வாங்கி பாத்ரூமில் தொங்கவிடுகிறார்கள். சிக்கனமாக இரு என்று அவர்களுக்குப் புத்தி சொன்னால், இன்னும் ஒரு சரம் வாங்குவார்கள். வீட்டுச் சிக்கனம் ஆற்றுக்குக் குப்பை. உண்டியல் பேச்சாளர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

இதற்கு வழியே இல்லையா? வழியைச் சிக் ஷாம்புவே காட்டியிருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். வியாபாரத்துக்காகச் செய்த உத்திதான், குப்பைக்காக இல்லை. ஆனால் என்ன ஆனது? காலிப் பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பி வந்தன! குப்பைக்கு ஒரு விலை வைத்தால் அது குப்பையாக இருப்பதில்லை.

நம்ப மறுக்கிறவர்களுக்கு நீலகிரியைச் சொல்கிறேன். காட்டில் வீசிய மது பாட்டில்கள் உடைந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2022 மே மாதம், நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பலர் சிரித்தார்கள். குடித்துவிட்டு நடக்கவே முடியாதவன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவானா என்று. வந்தான். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் திரும்பிவிட்டன. சிக்கனம், சுற்றுச்சூழல், யானை என்று யாரும் அவனுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பத்து ரூபாய்! பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் போனது. டாஸ்மாக்கில் முடிந்தது ஷாம்புக் கம்பெனியில் ஏன் முடியாது? மதுக்கடை வாசலில் நிற்கிறவருக்கு இருக்கும் ஒழுங்கு, கோட்டு சூட்டுப் போட்டுக் கூட்டம் நடத்துகிற கம்பெனிகளுக்கு இருக்காதா?

"பழைய காலத்தில் இதெல்லாம் இருந்தது ஐயா" என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் தலையாட்டுவது தெரிகிறது. இருந்தது. தெருவில் குரல் கேட்கும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்! அம்மி கொத்துகிறவர் வருவார், சாணை பிடிக்கிறவர் சக்கரத்தை மிதித்துத் தீப்பொறி பறக்கவிடுவார், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் திண்ணையோரம் குழி தோண்டித் துருத்தி ஊதுவார், குடைக்குக் கம்பி மாற்றுகிறவர் வருவார், பழைய புடவைக்கு எவர்சில்வர் டம்ளர் தருகிறவர் பேரம் பேசி அரை நாள் உட்கார்ந்திருப்பார். அழகான காட்சி. சினிமாவில் பார்த்தால் கண் கலங்கும்.

ஆனால் அந்தச் சிக்கனத்தின் பாரத்தைச் சுமந்தது யார்? பேரீச்சம்பழக்காரர் மகன் பள்ளிக்கூடம் போனானா? செருப்புத் தைத்துக் கொடுத்தவரை நம் திண்ணையில் உட்காரச் சொன்னோமா? கிழிந்த வேட்டியைத் தைத்து, பழைய சேலையைத் தொட்டிலாக்கி, தொட்டிலைக் கரித்துணியாக்கியது அப்பாவா, அம்மாவா? அந்தக் காலச் சிக்கனத்தில் பாதி வறுமை. மீதியில் பெரும்பகுதி பெண்களின் முதுகு, அதற்கு மேல் சாதி. அது திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வரவும் கூடாது. ஏழைகள் இரண்டாவது சட்டை வாங்கியதைக் கலாச்சாரச் சீரழிவு என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டு பீரோவை ஒருதரம் திறந்து காட்டிவிட்டுப் பேசட்டும்.

அப்படியானால் திரும்பி வர வேண்டிய சிக்கனம் எது?

பிரான்ஸில் 2021 ஜனவரியில், செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்தது. எதற்கு மதிப்பெண்? படம் தெளிவுக்கு இல்லை, சத்தத்துக்கு இல்லை. சுலபமாகக் கழற்ற முடியுமா, உதிரி பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன, பழுதுபார்க்கும் குறிப்பைக் கொடுக்கிறார்களா, இவற்றுக்கு! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், விற்கும் செல்போனில் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதி. சில விலக்குகள் உண்டு. இருந்தாலும் நகத்தால் நெம்பிய காலம் சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரத்தை அதில் போட வேண்டும் என்றது. தொடக்கம் நல்ல தொடக்கம்தான். ஆனால் விவரம் இருந்தால் மட்டும் போதுமா? போர்டு கிடைக்க வேண்டாமா? கிடைக்காவிட்டால் கம்பெனியைக் கேட்கச் சட்டம் வேண்டாமா?

தமிழ்நாடு என்ன செய்தது? 2019 ஜனவரி முதல் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். ஜெனீவாக்காரர்கள் கூடிய அதே டிசம்பர் 23, தற்செயல்தான். மஞ்சப்பையை நான் வரவேற்கிறேன். ஒரு காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தோம், இன்று அதற்குக் கௌரவம் வந்திருக்கிறது. ஆனால் பாருங்கள், கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலத்தோடு ஒரு துணிப்பை, கருத்தரங்குக்குப் போனால் ஒரு துணிப்பை. இன்றைக்கு இங்கேயும் ஒன்று கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன், கொடுத்தால் மறுக்க மாட்டேன். வீட்டில் ஒரு பைக்குள் பத்துப் பை தொங்குகிறது. பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர், சாயம் போட எவ்வளவு தண்ணீர்! சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன கதிக்கு ஆளானது, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது ஏன் என்று நமக்குத் தெரியாதா? மஞ்சப்பை ஒன்று இருந்தால் சிக்கனம். முப்பது இருந்தால் அதுவும் சரக்கு.

2019 தடைப் பட்டியல் டீக்கடைக்காரரின் கப்பையும் பூக்காரம்மாவின் கேரி பேகையும் பிடித்தது, 2022 ஜூலையில் நாடு முழுக்க வந்த தடைப் பட்டியலும் அதே கப்பைப் பிடித்தது. ஷாம்பு பாக்கெட்டை இரண்டும் தொடவில்லை. அபராதம் கட்டுகிறவர் தள்ளுவண்டிக்காரர். தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்கிறவரைக் கேட்பாரில்லை. சிக்கனத்தின் சுமை பழைய காலத்தில் யார் தலையில் இருந்ததோ, அதே தலைக்கே மறுபடி போகிறது. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நியாயமான ஒரு கேள்வி வரும். "எல்லோரும் பழசையே ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தால் ஃபேக்டரி என்ன ஆவது? ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்போன் செய்கிற பெண் பிள்ளைகளின் வேலை என்ன ஆவது?" பெர்னார்டு லண்டன் 1932இல் கேட்ட அதே கேள்வி. நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். விற்பனை குறைந்தால் அங்கே சில வேலைகள் போகும். ஆனால் ஃபேக்டரியை இன்றைக்கு இங்கே வைப்பார்கள், நாளைக்கு வேறு நாட்டில் கூலி மலிவு என்றால் அங்கே கொண்டுபோவார்கள். உங்கள் தெரு முனையில் மிக்ஸிக்குக் காயில் கட்டுகிறவரை எந்த நாட்டுக்கு மாற்றுவார்கள்? உதிரி பாகம் செய்யவும் ஃபேக்டரி வேண்டும். போர்டு படிக்கத் தெரிந்த பையன்கள் வேண்டும். ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு, ஆட்டோ ஓட்டவும் டெலிவரி பைக் ஓட்டவும் போகிறார்களே, அவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்ச், ஒரு சால்டரிங் அயர்ன், சர்க்யூட் படம், நியாய விலையில் பாகம், இவ்வளவும் கிடைத்தால் அது வேலை இல்லையா?

அந்த வேலை நிலைப்பதில் ஒன்று மட்டும் நம் கையில் இருக்கிறது. ரிப்பேர் செய்கிறவரின் கூலி.

ஷோரூமில் டிவி வாங்கும்போது விலைச் சீட்டில் போட்ட தொகையை அப்படியே கொடுக்கிறோம், கார்டைத் தேய்க்கிறோம். ரிப்பேர் கடையில்? "ஒரு ஒயர் மாத்தினதுக்கு இருநூறா?" என்கிறோம். ஒயர் பத்து ரூபாய்தான். எந்த ஒயர் என்று கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆனது? டாக்டரிடம் போய் "ஒரு மாத்திரை எழுதினதுக்கு ஐநூறா" என்று கேட்கிறோமா? அந்தக் கடைக்காரரின் மகனைக் கேளுங்கள், அப்பா தொழிலுக்கு வருகிறாயா என்று. வர மாட்டேன் என்பான். காரணம் நம் பேரம். இன்னும் சில வருஷத்தில் உதிரி பாகம் கொடுக்கச் சட்டம் வரலாம், மதிப்பெண் வரலாம், ஸ்குரூகூடத் திரும்பி வரலாம். அதைக் கழற்றத் தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டுமே? ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, அடுத்த தடவை அவர் இருநூறு கேட்டால் இருநூறைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "தம்பி, இது எதனால போச்சு? அடுத்த தடவை எந்த கம்பெனி வாங்கினா உங்களால திறக்க முடியும்?" என்று கேளுங்கள். எந்த விளம்பரத்திலும் வராத விவரத்தை அவர் சொல்வார். அந்த விவரத்தோடு ஷோரூமுக்குப் போய், "இதுக்கு ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும், எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். டை கட்டிய பிள்ளை முழிப்பான், மேனேஜரைக் கூப்பிடுவான். கூப்பிடட்டும். துபாய் ஓர் அரசாக இருந்து கேட்டது. நாம் கடை கடையாகக் கேட்போம்.